கிரிப் மாற்றிய கை

ஜூன் 2, ஞாயிறு

இந்த டைரியைத் தீவனக் கடையில் சனவரியிலேயே கொடுத்தார்கள். ஐந்து மாதமாக டி.வி. ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று தாரணி அதை உருவி என் மடியில் போட்டாள்.

"அப்பா, ஒண்ணு நடந்தா ஒன்பது பேர்கிட்டச் சொல்றீங்க. ஒன்பதாவது ஆளு எப்பவும் நாந்தான். இதுல எழுதிட்டா ஒரே தடவையில முடிஞ்சிரும்."

மகள் பி.காம். இரண்டாம் வருடம். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதி. படித்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர் செங்கோட்டுவேல். வயது நாற்பத்தெட்டு. பண்ணையில் முட்டை எடுத்து, ராசிபுரத்தில் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் பைக்கில் கொண்டுபோய்ப் போடுகிறேன். மனைவி சம்பூரணம், வீட்டையும் என்னையும் பார்த்துக்கொள்கிறாள். வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்.

இன்று எழுத வேண்டிய விஷயம்: பைக்கில் இடது பக்கக் கிரிப் வழுக்குகிறது. ஒரு மாதமாகவே இப்படித்தான். கை அதன்மேல் நிற்க மாட்டேன் என்கிறது. ரப்பர் தேய்ந்துவிட்டது போல. புதிதாக வாங்கி நானே மாற்றிவிடுவதாக முடிவு. மெக்கானிக்கிடம் போனால், கிரிப் மாற்றப் போன வண்டிக்குச் செயினும் சேர்ந்து மாறும்.

ஜூன் 3, திங்கள்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வெளியே வந்து, வண்டியின் இரண்டு கிரிப்பையும் பிடித்துத் திருகிப் பார்த்தார்.

"இதுக்கென்னங்கண்ணா கேடு? கோடு அப்படியே இருக்குது. எல்லாருக்கும் ஆக்சிலேட்டர் பக்கந்தான் தேயும். உங்களுக்கு மட்டும் தேயாத பக்கம் வழுக்குதா?"

"நீ வியாபாரம் பண்றியா, பஞ்சாயத்துப் பண்றியா? எடுப்பா."

ஜோடியாகத்தான் தருவார்களாம். வாங்கிவிட்டேன். கறுப்பு, நடுவில் முள்ளு முள்ளாக இருக்கிறது. சம்பூரணம் பார்த்துவிட்டு, "பாவக்கா மாதிரி இருக்குது" என்றாள்.

ஜூன் 4, செவ்வாய்

மதியம் மாற்றினேன். பழையதை பிளேடால் நீளவாக்கில் கீறினால் வாழைத்தண்டுப் பட்டை மாதிரி உரிந்து வருகிறது. புதியதுதான் உள்ளே போகவில்லை. தள்ளினேன், திருகினேன், திட்டினேன். கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவினேன். சர்ரென்று போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கு ஊரில் மெக்கானிக் என்று போர்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 6, வியாழன்

சர்ரென்று போனது சர்ரென்று வந்துவிட்டது. ரயில்வே கேட் தாண்டி வேகத்தடையில் வண்டி ஏறி இறங்க, இடது கிரிப் என் கையோடு வந்தது. கால் ஊன்றிச் சமாளித்துவிட்டேன். பின்னால் கட்டியிருந்த அட்டைகளில் மேல் இரண்டு சாய்ந்தன. ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. அறுபது முட்டையையும் நாலு நாய்கள் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்று சாப்பிட்டன. ஒன்று என்னைப் பார்த்து வாலாட்டியது.

இன்னொரு விஷயம். எங்கள் தொழிலில் முட்டையை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. கைக்கு மூன்று, இரண்டு கைக்கும் ஆறு. ஐந்து தடவை எடுத்து வைத்தால் ஓர் அட்டை நிறைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கொஞ்ச நாளாக இடது கையில் மூன்றாவது முட்டை நிற்பதில்லை. கோழிகள் பெரிது பெரிதாக முட்டையிட ஆரம்பித்துவிட்டன என்று பண்ணை மேனேஜரிடம் புகார் சொன்னேன். "கோழிகிட்டச் சொல்லிப் பாக்கறேனுங்க" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

கிரிப், இரண்டாம் முயற்சி. இந்தத் தடவை தாரணி போனில் பார்த்து வழி சொன்னாள். எண்ணெய் கூடவே கூடாதாம். கம்பியைப் பெட்ரோலால் துடைத்துவிட்டு, கிரிப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். ரப்பர் இளகியதும் எடுத்து உடனே செருகினால், ஆறியபின் இறுகிக்கொள்ளும்.

சம்பூரணம் பழைய குண்டாவில் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். தளதளவென்று கொதித்தது. வலது கிரிப்பை இடுக்கியால் எடுத்தேன். எடுத்ததைக் கையில் வாங்க முடியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டுதான் தள்ளினேன். அப்படியும் "உஸ்ஸு உஸ்ஸு" என்று ஒரு நடனம். தாரணி சிரித்துச் சிரித்து போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

இடது கிரிப் இடுக்கிக்கு அகப்படவில்லை, நழுவி நழுவிப் போனது. இடது கைச் சுண்டுவிரலைத் தண்ணீருக்குள் விட்டு, கிரிப்பின் ஓட்டையில் கொக்கி மாதிரி மாட்டித் தூக்கிவிட்டேன்.

"அப்பா! சுடலையா?"

"இருபது வருசம் முட்டை புடிச்ச கை, கண்ணு. இதுக்கெல்லாம் அசராது."

துணிகூட இல்லாமல் அப்படியே கம்பியில் ஏற்றித் தள்ளினேன். போய் இறுகிக்கொண்டது. இனி யானை கட்டி இழுத்தாலும் வராது. தாரணி வீடியோவை ஸ்டேட்டஸில் போட்டாள். "என் அப்பாவின் இரும்புக் கை" என்று தலைப்பு. முப்பத்தெட்டு பேர் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 10, திங்கள்

காலையில் சம்பூரணம் காபி கொடுக்கும்போது கத்தினாள். சுண்டுவிரலும் மோதிர விரலும் உப்பி, திராட்சைக் கொத்து மாதிரி கொப்புளம். ஒன்று ராத்திரியே உடைந்து போர்வையில் ஒட்டியிருக்கிறது.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"லேசா" என்றேன்.

லேசாகவும் இல்லை. ஒன்றுமே இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். நாலு தடவை. தண்ணீர் கொதிக்கிறது, ஆவி வருகிறது. அதில் நான் விரலை விட்டுக்கொண்டு மகளைப் பார்த்துச் சிரிக்கிறேன். முகம் சிரித்துக்கொண்டிருக்கிறது, விரல் வெந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

நாளைக்கு ஆஸ்பத்திரி போகாவிட்டால் சோறு கிடையாது என்று சம்பூரணம் உத்தரவு.

ஜூன் 12, புதன்

ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். நர்சம்மா கொப்புளத்தைச் சுத்தம் செய்தார். ஒட்டியிருந்த துணியைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. நான் அவருக்கு முட்டை விலை ஏன் தினமும் மாறுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கை நின்றுவிட்டது.

"ஏனுங்க, வலிக்கலையா?"

"இல்லீங்க. நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க."

"இப்ப?"

"எப்பங்க?"

அவர் எழுந்து உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தார். நான் பயப்படாததைப் பார்த்து அவர் பயந்துபோனது நன்றாகத் தெரிந்தது.

டாக்டரம்மாவுக்குத் தாரணியைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகிலும் கையிலும் வெளுத்த திட்டுகளை எண்ணினார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"தேமலுங்க. ரெண்டு வருசமா இருக்குது. மெடிக்கல்ல ஒரு ஆயின்மெண்ட் வாங்கித் தேச்சிட்டு வர்றேன். தேச்சா பளபளன்னு இருக்குமுங்க."

முழங்கைக்குப் பின்னால் எதையோ தேடிப் பிடித்து அழுத்தினார். கரண்ட் அடித்த மாதிரி ஒரு உதறல். பிறகு ஒரு காகிதத்தை என் சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்து, "விடாம இறுக்கிப் பிடிங்க, நான் இழுக்கறேன்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். அவர் இழுக்கவே இல்லை போலிருந்தது. காகிதம் அவர் கையில் இருந்தது.

நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

தொழுநோய்.

எழுதிவிட்டேன். பேனா ஒன்றும் கருகிவிடவில்லை.

அதற்கப்புறம் கால் மணி நேரம் பேசினார். என் காதில் விழுந்தது பாதிக்கும் குறைவு. முழுசாகக் குணமாகும். ஒரு வருடம் விடாமல் மாத்திரை, பைசா கிடையாது. தொட்டால் ஒட்டாது. முட்டையில் ஒட்டாது (இதை மட்டும் மூன்று தடவை கேட்டேன்). மாத்திரை ஆரம்பித்துவிட்டால் இனி யாருக்கும் பரவாது. நரம்புக்கு வேறு மாத்திரை தருகிறார். கை ஓரளவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சூடு, வெட்டு எதுவும் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் கையைக் காப்பாற்ற வேண்டும்.

"உங்க வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேருங்க."

"மத்த ரெண்டு பேரையும் இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. இத்தனை நாள் மருந்தில்லாம அவங்ககூட ஒரே வீட்ல இருந்திருக்கீங்க. மூச்சுல போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். ஒரே ஒரு திட்டா இருக்கறப்பவே பிடிச்சிட்டா ஆறு மாசத்துல சரியாயிரும், தடமே இருக்காது. நரம்புக்குள்ள போனதுக்கப்புறம் வந்தா உங்க கை மாதிரிதான். புரியுதா?"

"சரிங்க" என்றேன். மொத்தமாக எட்டு "சரிங்க" சொல்லியிருப்பேன்.

முதல் மாத்திரையை அவர்கள் எதிரிலேயே விழுங்க வைத்தார்கள். வீட்டில் கேட்டதற்கு, நரம்புக்குச் சத்து மாத்திரை என்றேன். அது ஒன்றும் முழுப் பொய் இல்லை.

ஜூன் 13, வியாழன்

காலையில் சிறுநீர் ரத்தச் சிவப்பு. கதை முடிந்தது என்று பாத்ரூமிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் எனக்குப் பொறுப்பாம், நம்பர் கொடுத்திருந்தார்கள். பாத்ரூமிலிருந்தே கிசுகிசுப்பாகப் போன் போட்டேன்.

"அது மாத்திரைக் கலருங்க. நேத்தே டாக்டர் ரெண்டு தடவை சொன்னாங்களே?"

சொல்லியிருப்பார். நான் அப்போது சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நடந்தது இது.

ருக்மணியக்கா மெஸ்தான் என் பெரிய வாடிக்கை, தினம் பன்னிரண்டு அட்டை. போனபோது, பாத்திரம் கழுவுகிற அம்மாவை அக்கா வெளியே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண். எந்நேரமும் தண்ணீரில் நின்றால் யாருக்கும் வருவது.

"ஆறுனதுக்கப்புறம் வா ஆத்தா. சாப்பிடற எடம், நாலு பேரு பாக்கறாங்க. நான் என்ன பண்றது?"

அக்கா கெட்டவர் இல்லை. அந்த அம்மா கையில் ஒரு பொட்டலம் சாப்பாடும் கொடுத்துத்தான் அனுப்பினார். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, "உங்க கையில என்னங்க கட்டு?" என்றார்.

"சுடுதண்ணிங்கக்கா. கிரிப் மாத்தினேன்."

"ஆமாமா, தாரணி ஸ்டேட்டஸ்ல பாத்தேன்" என்று சிரித்தார்.

சேற்றுப்புண்ணுக்கே இது என்றால்? ராசிபுரம் சின்ன ஊர். சம்பூரணத்திடம் சொன்னால் அவள் தங்கச்சியிடம் சொல்வாள். தங்கச்சி யாரிடமும் சொல்ல மாட்டாள், ஊரைத் தவிர.

ஜூன் 19, புதன்

எனக்கென்று தனி டம்ளர் வாங்கினேன். "எதுக்கு?" என்றாள் சம்பூரணம். அளவு பார்த்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள் என்றேன். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் பரவாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் வாங்கினேன்.

ஜூன் 23, ஞாயிறு

கட்டிலை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டேன். காற்று வருகிறது என்று காரணம். தாரணி காலேஜ் பஸ்ஸைத் தவற விட்டு, "வண்டியில கொண்டுபோய் விடுங்கப்பா" என்றாள். முட்டை கட்டியிருக்கிறது என்றேன். அட்டை எதுவும் கட்டவில்லை. அவள் காலி கேரியரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறவர்களைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் சம்பூரணம் வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"தனி டம்ளரு, தனிக் கட்டிலு, போனை எடுத்துட்டு பாத்ரூமுக்குள்ள போயிக் குசுகுசுன்னு பேச்சு. நான் என்ன கண்ணு தெரியாதவளா?"

என்னைப் போய்! இந்த வயிற்றோடு! அதிர்ச்சியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டரைத்தான் காதலிக்கிறேன், அவர் குரலுக்கே மீசை இருக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லவா முடியும்?

ஜூன் 28, வெள்ளி

மீசை இன்று நேரிலேயே வந்துவிட்டது. ருக்மணியக்கா மெஸ் வாசலில் முட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் பைக்கை நிறுத்தி, "அண்ணா, எனக்கு ஒரு அட்டை குடுங்க" என்றார். போனில் கேட்ட குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். முட்டையை வாங்கும்போது மெதுவாக, "எப்பங்க ஊட்டுக்கு வரட்டும்? பதினாறு நாளாச்சு" என்றார்.

"நாய் இருக்குதுங்க. கடிச்சுப்புடும்."

"கட்டிப் போட மாட்டீங்களா?"

"கட்டினா அழுவுமுங்க."

எங்கள் வீட்டில் நாய் கிடையாது. அவருக்கும் அது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். முட்டையைச் சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டே, "நான் யூனிபாரம் போட மாட்டேன், போர்டு வெச்ச வண்டியில வர மாட்டேன். கரண்ட் பில்லு பாக்க வந்தவன் மாதிரி வந்துட்டுப் போறேனுங்க" என்றார்.

தாரணிக்குப் பரீட்சை முடியட்டும் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

இருபத்திரண்டு நாள். பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகிறது.

முட்டை விலை ஏறியிருக்கிறது. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஜூலை 10, புதன்

இரண்டாவது மாத அட்டை வாங்கப் போனேன். முட்டை அட்டை போய் மாத்திரை அட்டை. டாக்டரம்மா முதல் கேள்வியே, "வீட்ல ரெண்டு பேரும் எங்க?" என்பதுதான்.

"மாமியாருக்குச் சொகமில்லீங்க. பாத்துக்கறதுக்குப் போயிருக்காங்க."

மாமியார் செத்து ஆறு வருடம். அவரை எழுப்பி, காய்ச்சலையும் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். உயிரோடு இருந்தபோதே அவர் என்னை நம்பியதில்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணா, உங்க கைக்கு நான் ரெண்டு வருசம் லேட்டு. அதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அவங்களுக்கும் என்னை லேட்டாக்கிராதீங்க."

வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். புதுக் கிரிப்பை இடது கையால் பிடித்துப் பார்த்தேன். முள்ளு முள்ளாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வழுக்குகிறது. ரப்பரின்மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. எங்கள் பக்கத்தில் இன்றைக்குத் தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணைத் துளைத்து, உள்ளே வெல்லம், பாசிப்பருப்பு, அவல், எள்ளு எல்லாம் போட்டு, கண்ணில் நீளக் குச்சியைச் செருகித் தீயில் வாட்டுவது. தெரு முழுக்க ஆளுக்கொரு குச்சியோடு தீயைச் சுற்றி நிற்கும். ஓடு வெடித்து வெல்ல வாசனை வந்தால் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும்.

சாயங்காலம் வாசலில் தீ மூட்டினோம். நான் வலது கையால்தான் பிடித்தேன். ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். நடுவில் தாரணி, "இதையும் புடிங்கப்பா, போன் எடுத்துட்டு வர்றேன்" என்று தன் குச்சியை என் இடது கையில் திணித்துவிட்டு ஓடினாள். எதிர் வீட்டுக்காரர் முட்டை விலை கேட்டார். அவருக்குத் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சம்பூரணம் ஓடிவந்து என் இடது கையை ஓங்கித் தட்டினாள். குச்சியும் தேங்காயும் உருண்டன. குச்சி கைப்பிடி வரைக்கும் தீப்பிடித்து வந்திருக்கிறது. உள்ளங்கையின் ஓரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது.

என்னை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயடியில் கையை நீட்டினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"வெந்துட்டு இருக்குது, நீங்க வெலை பேசிட்டு இருக்கறீங்க. என்னங்க இது? அன்னைக்கும் இப்படித்தான். என்னன்னு சொல்லுங்க. சொல்லாட்டி கூட்டத்தக் கூட்டுவேன்."

சொன்னேன். அந்த வார்த்தையையே சொன்னேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் கையை விட்டுவிட்டாள். இரண்டடி பின்னால் போனாள். அதையும் எழுத வேண்டும், நடந்ததுதானே. அடுப்பு மேடையில் முதுகை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"முப்பத்தஞ்சு நாளாச்சு."

"டாக்டரு எங்களப் பத்தி எதுவும் சொல்லலையா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். செத்த மாமியாரும் இல்லாத நாயும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். "ஒடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அந்த வாரமே. ஆரம்பத்துலயே பாத்தா ஒண்ணுமில்லாமப் போயிருமாம்."

"நீங்க?"

"ஊருல தெரிஞ்சிட்டா முட்டை வாங்க மாட்டாங்கன்னு..."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை அடித்ததில்லை. இன்று இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். இரண்டடி பின்னால் போனவள் எப்போது கிட்டே வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"உங்க முட்டையில தீய வைக்க! எம்புள்ள ஒருத்தி இந்த ஊட்டுல இருக்கறது ஞாபகம் வரலையா உங்களுக்கு?"

வாசலில் தாரணி, "அம்மா, தேங்கா வெடிச்சிருச்சு, வாங்க" என்று கூப்பிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

சம்பூரணம் என்னோடு பேசவில்லை. கட்டிலை மட்டும் மாடிப்படியிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டாள். தனி டம்ளரைத் தேடினேன். குப்பையில் நசுங்கிக் கிடந்தது.

தாரணியிடம் அவளே சொல்லிவிட்டாள். நான் அப்போது வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அரை மணி நேரமாக ஒரே இடத்தை. தாரணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த வீடியோவ அழிச்சுட்டேம்ப்பா."

"ஏங்கண்ணு, நல்லாத்தான இருந்துச்சு?"

"நான் சிரிக்கற சத்தம் வருது அதுல."

நாளைக்குக் காலை மூன்று பேரும் போகிறோம். இன்ஸ்பெக்டருக்கு நானே போன் செய்தேன். "நாய் என்னாச்சுங்க?" என்று கேட்டார். ஓடிப்போய்விட்டது என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. நல்ல பெண்.

முதலில் சம்பூரணம். உள்ளே கூட்டிப்போய் உடம்பெல்லாம் பார்த்தார்கள். வெளியே நாற்காலியில் உட்கார வைத்து, டாக்டரம்மா பஞ்சை நுனி மெலிசாகத் திரித்தார். "கண்ண மூடிக்கங்கம்மா. நான் பஞ்சால தொடறப்ப, தொட்ட இடத்த விரலால காட்டுங்க." சம்பூரணம் பொதுப் பரீட்சை எழுதுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். கன்னத்தில் தொட்டார், காட்டினாள். கையில் தொட்டார், காட்டினாள். தொடாத இடத்தையும் ஒன்று காட்டினாள்.

"அங்க நான் தொடலைம்மா."

"மேல சுத்தற காத்தாடிக் காத்து பட்டுச்சுங்க."

எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொல்ல, பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எனக்கு அங்கேயே அந்த மேசையைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

பிறகு தாரணி. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா இப்போது பேச்சைக் குறைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் தொட்டார். "இங்க." கழுத்தில் தொட்டார். "இங்க, ஐயோ கூசுதுங்க டாக்டர்." முன்கையில். "இங்க." புறங்கையில். "இங்க." ஒவ்வொரு "இங்க"வுக்கும் நான் ஒரு மூச்சு விட்டேன்.

டாக்டரம்மா நாற்காலிக்குப் பின்பக்கம் போனார். தாரணியின் வலது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டினார். முழங்கைக்கு மேலே, பின்பக்கத்தில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. கண்ணாடியில் பார்த்தாலும் அவளுக்குத் தெரியாத இடம். அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் பஞ்சை வைத்தார்.

தாரணியின் விரல் மடியில் இருந்தது.

பஞ்சை எடுத்தார். மறுபடி வைத்தார், கொஞ்சம் அழுத்தி. இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சம்பூரணம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தாரணி கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். சிரித்த முகம். எந்தப் பக்கம் பஞ்சு வரும் என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தாள்.

"என்னங்க டாக்டர்," என்றாள், "இன்னும் தொடலையா?"